இறக்கிய காருக்கு எந்த டயர் அளவு? சிங்கப்பூரில் முதல்முறை ரிம் மாற்றுவோருக்கு

ஸ்பிரிங் மாற்றிக் காரின் உயரத்தை இறக்கியாயிற்று. அடுத்து கண் ரிம் மேல்தான் போகும். இந்த இடத்தில்தான் பலருக்குப் பணம் கரையத் தொடங்குகிறது. கடையில் ஒரு டயர் அளவு சொல்வார்கள். நண்பர் வேறொன்று சொல்வார். அதே மாடல் கார் வைத்திருக்கும் பக்கத்து புளோக்காரர் மூன்றாவது அளவு போட்டிருப்பார். அவரவர் காரில் அவை சரியாகவே ஓடும். உங்கள் காரில் உரசும். ஏனென்றால் அவர் எவ்வளவு இறக்கியிருக்கிறார், அவருடைய ரிம்மின் ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவு) என்ன, பின்சீட்டில் யாரும் உட்காருவார்களா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது.

இந்த வேலையில் கடை கடையாக அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். வரிசைதான் இதில் பாதி வேலை. முதலில் இறக்கம், பிறகு அளவெடுப்பு, பிறகு தாளில் கணக்கு, கடைசியில்தான் பணம். ரிம்மை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற டயரைத் தேடுகிறவர்கள்தான் பெரும்பாலும் உரசலோடு வாழ்கிறார்கள்.

1. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள்

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் வாகன மாற்றங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், எது அறவே கூடாது என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ரிம், டயர் மாற்ற முன்அனுமதி வேண்டியதில்லை. ஆனால் கார் தயாரிப்பாளர் சொன்ன அளவுகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். டயரோ ரிம்மோ ஃபெண்டருக்கு (சக்கரத்தின் மேல் வளைந்து நிற்கும் தகடு) வெளியே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. சஸ்பென்ஷன் பற்றிய குறிப்பையும் அதே இடத்தில் படித்துவிடுங்கள். ஃபெண்டரை அகலப்படுத்தும் யோசனை இருந்தால் அது வேறு கதை, கேட்காமல் கை வைக்காதீர்கள்.

விதியை மீறிய மாற்றத்துக்கு முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ‘கொஞ்சம்தானே வெளியே நிற்கிறது’ என்ற பேச்சு அங்கே எடுபடாது.

அடுத்து, உங்கள் காரின் சோதனை எப்போது வருகிறது என்று பாருங்கள். மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும். சோதனையில் தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. சோதனைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் பழைய ரிம்மோடு போய்த் தேறிவிட்டு, அப்புறம் நிதானமாக மாற்றுங்கள். புது ரிம் ஏதாவது சிக்கல் கொடுத்தால் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

2. இப்போது இருப்பதை எழுதி வையுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். அதில் டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பழைய ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும் ரிம்மின் பின்பக்கத்தில் பொறித்திருக்கும். டயர் மாற்றும்போது அதையும் படமெடுக்கச் சொல்லுங்கள்.

கட்டுரை முழுவதற்கும் ஒரே உதாரணம் வைத்துக்கொள்வோம். சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து இன்னும் இங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஹோண்டா சிவிக் எஃப்டி. டயர் 205/55ஆர்16 91வி, ரிம் 6.5ஜே (6.5 அங்குல அகலம்), ஆஃப்செட் 45 மி.மீ., போல்ட் வட்டம் 5×114.3 (ஐந்து போல்ட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ.).

அந்த டயர் எண்ணை இப்படிப் படியுங்கள். 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அதாவது அகலத்தில் 55 விழுக்காடு. இங்கே சுமார் 113 மி.மீ. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, 615 கிலோ. வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை. சிங்கப்பூரில் விரைவுச்சாலையிலேயே 90தானே என்று வேகக் குறியீட்டைக் குறைத்து வாங்காதீர்கள். காரோடு வந்த குறியீடு அல்லது அதற்கு மேல், அவ்வளவுதான்.

3. கார் படிந்த பிறகு அளவெடுங்கள்

புது ஸ்பிரிங் போட்ட அன்றைக்கு இருக்கும் உயரம் உண்மையான உயரம் அல்ல. இரண்டு வாரம் ஓட்டினால் இன்னும் சில மில்லிமீட்டர் இறங்கும். அந்தச் சில மில்லிமீட்டரில்தான் உரசலும் உரசாமையும் இருக்கிறது. அதனால் இரண்டு வாரமாவது பொறுங்கள். காயில்ஓவர் (உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங், அப்சார்பர் செட்) போட்டிருந்தால் உயரத்தை இப்போதே முடிவுசெய்து பூட்டிவிடுங்கள். ‘டயர் வந்த பிறகு இன்னும் ஒரு சுற்று இறக்கிக்கொள்ளலாம்’ என்று நினைத்தால் கீழே வரும் கணக்கெல்லாம் வீண்.

சமதரையில் காரை நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நான்கு சக்கரத்திலும் மூன்று இடைவெளிகளைப் பாருங்கள்.

முதலாவது, வெளிப்பக்கம். ஃபெண்டர் விளிம்பில் ஒரு நூலை ஒட்டி, நுனியில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயரின் வெளிச்சுவருக்கும் இடையே எத்தனை மி.மீ. என்று ஸ்கேல் வைத்து அளங்கள். இடது வலது ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பாதீர்கள். பழைய கார்களில் சில மி.மீ. வித்தியாசம் சாதாரணம். குறைவான பக்கத்தைக் கணக்கில் எடுங்கள்.

இரண்டாவது, உள்பக்கம். முன்சக்கரத்தில் டயருக்கும் அப்சார்பருக்கும் நடுவே உள்ள இடம். அங்கே ஸ்கேல் நுழையாது. பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசினை உருட்டி, சக்கரத்தைக் கழற்றி, அப்சார்பர் மேல் டயருக்கு நேராக ஒட்டுங்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டி, கழற்றிப் பாருங்கள். நசுங்கி மிச்சம் இருக்கும் தடிமன்தான் உங்கள் இடைவெளி. கத்தியால் வெட்டி அளந்தால் மில்லிமீட்டர் சுத்தமாகக் கிடைக்கும்.

இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம். மெக்ஃபெர்சன் வகை முன் சஸ்பென்ஷனில் சக்கரமும் அப்சார்பரும் ஒன்றாகப் பூட்டப்பட்டவை, சேர்ந்தேதான் ஏறி இறங்கும். ஆகவே காரை இறக்கினாலும் அந்த உள் இடைவெளி மாறாது. மாறுவது இரண்டு சந்தர்ப்பங்களில்: காயில்ஓவரின் ஸ்பிரிங் தட்டு டயருக்கு நேராக வந்துவிட்டால், அல்லது கேம்பர் போல்ட் போட்டுச் சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்தால்.

மூன்றாவது, மேலே. டயரின் தலைக்கும் ஃபெண்டருக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அது அழகுக்கான அளவு. உரசலைத் தீர்மானிப்பது சக்கரம் முழுக்க மேலே ஏறும்போது என்ன நடக்கிறது என்பது. எவ்வளவு ஏறும் என்பதை பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை தடுக்கிறது. ஸ்பிரிங் மட்டும் மாற்றி, பம்ப் ஸ்டாப்பை வெட்டாமல் விட்டிருந்தால், சக்கரம் ஏறும் உச்சி பழையபடியேதான். கார் இறங்கியதால் அந்த உச்சியை அடிக்கடி தொடும், அதுதான் வித்தியாசம். பம்ப் ஸ்டாப்பை வெட்டியிருந்தால் உச்சியே மேலே போய்விடும். ஸ்பிரிங் மாற்றிய ஒர்க்‌ஷாப்பில் ‘வெட்டினீர்களா, எவ்வளவு?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில ஸ்பிரிங்குகளின் குறிப்பிலேயே வெட்டச் சொல்லியிருப்பார்கள்.

4. விட்டக் கணக்கு

அகலத்தைப் பக்கச்சுவர் விழுக்காட்டால் பெருக்கி, இரட்டிப்பாக்கி, ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிக் கூட்டினால் டயரின் முழு விட்டம். நம் சிவிக்கின் 205/55ஆர்16க்கு 631.9 மி.மீ. இதோடு மற்றவற்றை ஒப்பிடுங்கள்.

215/45ஆர்17: 625.3 மி.மீ., சுமார் 1 விழுக்காடு குறைவு.
225/45ஆர்17: 634.3 மி.மீ., 0.4 விழுக்காடு அதிகம்.
215/40ஆர்18: 629.2 மி.மீ., 0.4 விழுக்காடு குறைவு.
225/40ஆர்18: 637.2 மி.மீ., 0.8 விழுக்காடு அதிகம்.
235/40ஆர்18: 645.2 மி.மீ., 2.1 விழுக்காடு அதிகம்.

பொதுவாக 3 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும் என்பார்கள். உயரம் குறைக்காத காருக்கு அது சரி. இறக்கிய காருக்கு என் கணக்கு வேறு: பழைய விட்டத்துக்குச் சமம், அல்லது ஒன்றரை விழுக்காடு வரை குறைவு. மேலே போகாதீர்கள். விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட நிஜ வேகம் கூடும். வேகக் கேமரா இருக்கும் சாலையில் அது நல்லதல்ல. அதைவிட முக்கியம், உரசல்.

225/45க்கும் 215/45க்கும் பெயரில் பத்துதான் வித்தியாசம். ஒரே ரிம்மில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். 225ன் விட்டம் 9 மி.மீ. கூடுதல், ஆகவே டயரின் தலை நாலரை மி.மீ. மேலே. அகலம் 10 மி.மீ. கூடுதல், ஆகவே வெளிச்சுவர் சுமார் 5 மி.மீ. வெளியே. ஃபெண்டர் விளிம்பை முதலில் தொடுவது தலையும் இல்லை, சுவரும் இல்லை. இரண்டும் சேரும் தோள்பட்டை. அது மேலேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் நகர்ந்துவிடுகிறது. இறக்கிய காரில் 215 அமைதியாக ஓட, 225 வேகத்தடைக்கு வேகத்தடை ‘சர்’ என்று பேசுவது இதனால்தான்.

நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் நான்கு டயரும் ஒரே விட்டம், ஒரே தேய்மானம். இதில் சமரசம் வேண்டாம்.

5. ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும்

டயரைவிட இதுதான் அதிகம் ஏமாற்றும். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறது என்ற அளவு. எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும். ரிம் ஓர் அங்குலம் அகலமானால் இரு பக்கமும் 12.7 மி.மீ. வளரும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பழையது 6.5ஜே, 45. புதிதாக 7.5ஜே, 45 போட்டால் வெளியே 12.7, உள்ளே 12.7. அதே 7.5ஜேயில் ஆஃப்செட் 40 என்றால் வெளியே 17.7, உள்ளே 7.7. ஆஃப்செட் 48 என்றால் வெளியே 9.7, உள்ளே 15.7. 8ஜே, 35 என்று படங்களில் அசத்தும் ரிம்மைப் போட்டால் வெளியே 29 மி.மீ.! நீங்கள் நூல் கட்டி அளந்த இடைவெளி அதைவிடக் குறைவு என்றால் சக்கரம் ஃபெண்டரைத் தாண்டி நிற்கும். உரசல் ஒருபுறம் இருக்கட்டும், சட்டப்படியே அது செல்லாது.

உங்கள் வெளி இடைவெளியில் 5 மி.மீ.யும் உள் இடைவெளியில் 5 மி.மீ.யும் கழித்துவிட்டு, மீதியில் என்ன அடங்குகிறதோ அதுதான் உங்கள் ரிம். ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ள ஹப்பில் வைக்கும் தட்டு) போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று கடையில் சொன்னால், சரியான ஆஃப்செட் அவர்களிடம் இல்லை என்று அர்த்தம். வேறு கடைக்குப் போங்கள்.

ரிம் அகலத்துக்கும் டயர் அகலத்துக்கும் பொருத்தம் உண்டு. 205/55க்கு 5.5 முதல் 7.5ஜே வரை. 215/45க்கு 7 முதல் 8ஜே. 225/45க்கு 7 முதல் 8.5ஜே. 225/40க்கு 7.5 முதல் 9ஜே. குறுகிய டயரை அகல ரிம்மில் இழுத்து மாட்டும் ஒரு மோகம் இருக்கிறது. ஃபெண்டருக்குள் புக வைக்க அது உதவும்தான். ஆனால் டயர் தயாரிப்பாளரின் அளவை விட்டு வெளியே போகாதீர்கள். மழை பெய்து குழி தெரியாத சாலையில், ரிம்மின் உதட்டைக் காக்கச் சுவரே இல்லாமல் ஓட்டுவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

நம் சிவிக் 30 மி.மீ. இறங்கியிருக்கிறது என்றால் என் தேர்வு 17 அங்குலம், 7ஜே, ஆஃப்செட் 45 சுற்றுவட்டாரம், டயர் 215/45. இரு பக்கமும் ரிம் 6.35 மி.மீ.தான் வளரும். படம் எடுத்தால் அசத்தாது. அதற்காக ஒருபோதும் உரசாது என்று எழுதித் தரமாட்டேன், உங்கள் அளவுகள்தான் முடிவு.

6. எடைக் குறியீடு: கண்ணுக்குத் தெரியாத பொறி

இதை எந்தக் கடையிலும் தானாகச் சொல்லிக் கேட்டதில்லை.

நம் காரின் பழைய டயர் 91, அதாவது 615 கிலோ. 215/45ஆர்17 இரண்டு வகையாக வருகிறது. சாதாரண வகை 87, அதாவது 545 கிலோ. பக்கவாட்டில் எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் டயர்) என்று போட்ட வகை 91. இரண்டும் ஒரே அளவு, ஒரே ரிம்மில் ஏறும், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒரு டயருக்கு 70 கிலோ குறைகிறது. ‘215/45ஆர்17 எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டால் கையிருப்பில் எது இருக்கிறதோ அது வரும். ‘91 எக்ஸ்எல்’ என்று சேர்த்துக் கேளுங்கள்.

இதே பொறி 18 அங்குலத்தில் இன்னும் ஆழம். விட்டத்தில் அழகாகப் பொருந்திய 215/40ஆர்18, எக்ஸ்எல் வகையிலேயே 89தான், 580 கிலோ. சாதாரண வகை 85. ஆக நம் காருக்கு அந்த அளவு தாளிலேயே தேறவில்லை. 225/40ஆர்18 எக்ஸ்எல் என்றால் 92, எடை சரி; விட்டமும் அகலமும் கூடிவிடுகிறது, ஃபெண்டர் மறுக்கிறது. இறக்கிய சிவிக்குக்கு 18 அங்குலம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை, இந்தக் கணக்கு.

எக்ஸ்எல் டயர் தன் முழு எடையைத் தாங்கக் கூடுதல் காற்று கேட்கும். சாதாரண டயரின் கணக்கு 250 கிலோபாஸ்கலில், எக்ஸ்எல்லுடையது 290ல். கதவு ஸ்டிக்கரில் இருக்கும் அழுத்தத்தை அப்படியே போடாமல் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டி வையுங்கள். பெட்ரோல் நிலையத்தில் காற்று பிடிக்கும்போது டயர் குளிர்ந்திருக்கட்டும்.

7. கடையில் பணம் கொடுப்பதற்கு முன்

காக்கி புக்கிட், சின் மிங், ஊபி வட்டாரங்களில் ரிம், டயர்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சனிக்கிழமை மதியம் போகாதீர்கள். கூட்டத்தில் உங்கள் கேள்விக்கு யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். வேலைநாளில் காலையில் போங்கள். நான் போன ஒரு கடையில் காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ‘கேன் லா, கேன்’ என்றார்கள். அளவு நாடாவை எடுக்காத கடையில் கடனட்டையை எடுக்காதீர்கள்.

ரிம்மில் பார்க்க வேண்டியவை. போல்ட் வட்டம் சரியாக இருக்க வேண்டும், இதைச் சொல்லத் தேவையில்லை. நடு ஓட்டை: நம் சிவிக்குக்கு 64.1 மி.மீ., டொயோட்டாவின் பல மாடல்களுக்கு 60.1. வெளியே விற்கும் ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்த 73.1 என்று பெரிதாக இருக்கும். நடுவில் ஹப் வளையம் போடாவிட்டால் விரைவுச்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்ஸிங் சரியில்லை என்று அலைவீர்கள். வளையம் மலிவுதான், ரிம்மோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

நட்டு இன்னொரு பொறி. ஹோண்டாவின் சொந்த நட்டுக்கு உருண்டை முகம். வெளி ரிம்கள் பெரும்பாலும் கூம்பு முகம் கேட்கும். பழைய நட்டையே திருப்பிப் போட்டால் இறுகியதுபோல் தெரியும், ஆனால் சரியாக உட்காராது. கூம்பு நட்டு ஒரு செட் தனியாக வாங்குங்கள்.

ஜப்பானிய ரிம் என்றால் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய ரிம் வாங்கினால் பேலன்ஸிங் எந்திரத்தில் வெறும் ரிம்மைச் சுற்றவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும்.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் பதினான்காவது வாரம். நான்கு டயரும் நெருங்கிய தேதியில் இருக்கட்டும். தள்ளுபடி விலை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் கேலிப்பரில் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். டயர் ஏறி, கீறல் விழுந்த ரிம்மை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

8. மாட்டிய அன்றே உரசல் சோதனை

இதற்கு வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தைப் போல் வசதியான இடம் கிடையாது. பகல் வேளையில் மேல்தளம் காலியாக இருக்கும். ஃபெண்டரின் உள் உதட்டில் சாக்பீஸ் தூளைத் தடவுங்கள். ஸ்டீயரிங்கை இடது கோடி வரை திருப்பி மெதுவாக முன்னே, பின்னே. அப்புறம் வலது கோடி. முன்பக்கம் உரசினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில்தான், அதுவும் பின்னோக்கி நகரும்போது சத்தம் தெளிவாகக் கேட்கும்.

பிறகு ஆட்களை ஏற்றுங்கள். பின்சீட்டில் மூன்று பெரியவர்கள், கார் பூட்டில் தேக்கா சந்தையில் வாங்கிய அரிசி மூட்டை. தனியாக ஓட்டிப் பார்த்து ‘உரசவில்லை’ என்று முடிவுகட்டுகிறவர்களுக்கு உண்மை தெரிவது தீபாவளியன்று மாமனார் மாமியாரை ஏற்றிக்கொண்டு போகும்போதுதான். சாய்தளத்தில் திரும்பியபடி இறங்குங்கள், வேகத்தடையை ஒரு சக்கரம் முன்னே ஒரு சக்கரம் பின்னே வருமாறு சாய்வாகக் கடந்து பாருங்கள். இறங்கிவந்து சாக்பீஸ் தூள் எங்கே அழிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

லைனரில் லேசாக, ஸ்டீயரிங்கின் கோடியில் மட்டும் உரசினால் கவலை இல்லை. லைனரைச் சூடாக்கி உள்ளே தள்ளிவிடுவார்கள். ஃபெண்டரின் இரும்பு உதட்டில் பட்டால் ஓட்டாதீர்கள். அது டயரின் தோள்பட்டையைச் சீவும். உதட்டை உருட்டி மடக்க ஒர்க்‌ஷாப்புகள் இருக்கின்றன. பெயிண்ட் வெடிக்காமல் இருக்க முதலில் சூடாக்குகிறார்களா என்று கேளுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு அளவு சின்ன டயரை யோசித்துப் பாருங்கள்.

50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும். ஹோண்டாவுக்கு 108 நியூட்டன் மீட்டர், டொயோட்டாவுக்கு 103. நட்டு முடுக்கும் காற்றுத் துப்பாக்கியால் அடித்து விடாமல் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) முடிக்கச் சொல்லுங்கள்.

9. அலைன்மென்ட் கடைசியில்

கார் இறங்கினால் டோவும் (சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கேம்பரும் (சக்கரத்தின் தலை சாய்ந்திருக்கும் அளவு) மாறியே தீரும். ரிம், டயர் எல்லாம் முடிந்த பிறகு ஒரே தடவையாகச் செய்யுங்கள். அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள், முன்பும் பின்பும் இரண்டு எண்களும் இருக்க வேண்டும். டயரைத் தின்பது கேம்பரைவிட டோதான். கேம்பர் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தாலும் டோ சரியாக இருந்தால் டயர் தாக்குப்பிடிக்கும்.

இறக்கிய காரில் டயர் உள்ளோரத்தில்தான் முதலில் தேயும். நின்று பார்த்தால் வெளிப்பக்கம் புதிதுபோல் இருக்கும், உள்ளே கம்பி எட்டிப்பார்க்கும். மாதம் ஒருமுறை ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்து உள்ளோரத்தை விரலால் தடவிப் பாருங்கள். 1.6 மி.மீ.தான் சட்டப்படி குறைந்தபட்ச ஆழம். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு அந்த அளவைக் காட்டும். இங்கே பெய்யும் மழைக்கு நான் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவேன்.

10. செலவு, தாள்கள், ஜொகூர்

விலை கேட்கும்போது நான்கு டயர், மாட்டும் கூலி, பேலன்ஸிங், புது வால்வு, பழைய டயரை அப்புறப்படுத்துவது, 9 விழுக்காடு பொருள் சேவை வரி எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் கேளுங்கள். ஒரு கடை மலிவாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றிரண்டு விட்டுப்போனதுதான். அலைன்மென்ட் தனி, சாதாரணமாக 40 முதல் 80 வெள்ளிக்குள் முடியும். ஹப் வளையம், நட்டு, தேவைப்பட்டால் ஃபெண்டர் உதடு, இவற்றுக்கும் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். 17லிருந்து 18க்குப் போனால் இந்த முறை மட்டுமல்ல, ஒவ்வொரு முறையும் டயர் விலை கூடும்.

ஜொகூர் பாருவில் மலிவு என்பது உண்மை. அளவு ஏற்கெனவே முடிவாகி, அதே டயரைத் திரும்பப் போடும்போது அங்கே போங்கள். முதல்முறை பொருத்துவதை இங்கேயே செய்யுங்கள். உரசினால் மறுநாள் திரும்பப் போக வேண்டும், நட்டு இறுக்க இன்னொரு முறை; ஒவ்வொரு தடவையும் உட்லண்ட்ஸ் பாலத்தில் நிற்பதற்கு லாபம் சரியாகிவிடும். போகும்போது முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

காப்புறுதி நிறுவனத்துக்கு ரிம், டயர், ஸ்பிரிங் மாற்றியதை மின்னஞ்சலில் தெரிவித்து, அவர்கள் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ‘ஓகே’ என்றது விபத்துக்குப் பிறகு யாருக்கும் நினைவிருக்காது. ரிம் ரசீது, அளவுத் தாள், டயர் ரசீது, அலைன்மென்ட் தாள், கதவு ஸ்டிக்கர் படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு வைத்தால் சோதனை மையத்தில் கேள்வி வந்தாலும் கையில் பதில் இருக்கும்.

பழைய ரிம்மை விற்காதீர்கள். காரை விற்கும்போதும், சோதனையில் சிக்கல் வந்தாலும் அதுதான் கைகொடுக்கும். ஆனால் வீட்டு வாசலில், தாழ்வாரத்தில் அடுக்கி வைக்காதீர்கள். டயர் தீப்பற்றும் பொருள், பொது நடைபாதையில் வைக்கக் கூடாது. நகர மன்றத்தின் அறிவிப்பு ஒட்டப்பட்ட பிறகு ஓடுவதில் பயனில்லை. வீட்டில் பாதுகாப்பு அறை இருந்தால் அங்கே, டயரைக் கழற்றி ரிம்மை மட்டும் அடுக்கினால் ஒரு மூலையோடு முடிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.